1600 எப்படி 1800-ஐ வீழ்த்துகிறது?

செஸ் போட்டியில் 1600 ரேட்டிங்காரர் (ரேட்டிங் என்பது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) 1800-ஐத் தோற்கடித்தால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். கணக்குப்படி அதில் பெரிய அதிசயம் இல்லை.

அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்து, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்ற ரேட்டிங் முறை இது. இருவரின் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசம் 200. அதை 400ஆல் வகுத்தால் 0.5. பத்தின் 0.5 அடுக்கு 3.16. அதோடு 1 கூட்டினால் 4.16, 1-ஐ இதால் வகுத்தால் 0.24. கீழே இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் புள்ளி இதுதான். இதை 24 சதவீத வெற்றி வாய்ப்பு என்று படித்துவிடக் கூடாது. டிராவின் அரைப் புள்ளியும் இதற்குள் அடக்கம். நூறு ஆட்டத்தில் 14 வெற்றி, 20 டிரா என்றாலும் அதே 24 புள்ளிதான்.

அந்த 14 சதவீதம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒன்பது சுற்றிலும் இப்படிப்பட்டவர்களையே சந்திக்கும் 1800, ஒன்றிலாவது தோற்கும் வாய்ப்பு சுமார் 74 சதவீதம்!

தோல்விக்கு இந்தக் கணக்கே தூண்டில் போடுவதும் உண்டு. 2400-ஐத் தொடாத, 30 ஆட்டம் முடித்த பெரியவருக்கு கே மதிப்பு 20; எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த எண்ணால் பெருக்கியே ரேட்டிங்கை மாற்றுவார்கள். 1600-இடம் டிரா செய்தாலே 1800-க்கு 5.2 புள்ளி போய்விடும்; வென்றால் கிடைப்பது 4.8. ஆளுக்கு ஒரு யானை, ஒரே பக்கத்தில் மும்மூன்று சிப்பாய் என்ற நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஆடினால் டிரா. பெரியவருக்கு மனம் வராது. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். பக்கத்துக் கட்டங்களுக்குக் காவல் போய்விடும். எதிராளியின் யானை பின்வரிசைக்குள் புகுந்து சிப்பாயைப் பின்னாலிருந்து தாக்கும். கடிகாரத்தில் நகர்த்தலுக்கு 30 நொடி மட்டும் கூடிக்கொண்டிருக்கும்போது இதைச் சரிசெய்வது கடினம்.

எதிரே இருப்பது வேகமாக வளரும் சிறுவன் என்றால் 1600 என்ற எண்ணையே நம்ப முடியாது. ரேட்டிங் பழைய ஆட்டங்களின் பதிவு. பயிற்சியைவிடப் பின்தங்கியே வரும். உண்மையான பலம் 1750 என்றால் எதிர்பார்ப்பு 0.43, கிட்டத்தட்ட சரிக்குச் சரி. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 2300-ஐ எட்டும்வரை, கே 40 என்று வைத்திருப்பது இந்த இடைவெளியைச் சீக்கிரம் மூடத்தான். அதனால் ஒரே ஆட்டத்தில் சிறுவனுக்கு 30.4 ஏறும், தோற்றவருக்கு 15.2 மட்டும் இறங்கும்.