கட்டக் கோட்டம்: ஒரு சொல் விளக்கம்

வானொலி ஏற்பிக்குள் (ரிசீவர்) 90 பாகை தள்ளி நிற்க வேண்டிய இரண்டு அலைகளின் கோணம் பிசகுவதை நான் 'கட்டக் கோட்டம்' என்கிறேன். ஏன் என்பதைச் சொல் சொல்லாகப் பார்ப்போம். கம்பியில்லாத் தொடர்பு படிக்கும் மொரீஷியஸ் மாணவர் 'ஃபேஸ்' என்று ஆங்கிலத்தில் படிப்பார், 'ஃபாஸ்' என்று பிரெஞ்சு ஒலியில் பேசுவார். இரண்டுக்கும் மூலம் 'ஃபாசிஸ்' என்ற கிரேக்கச் சொல். தோன்றுதல், கண்ணுக்குத் தெரிதல் என்று பொருள். வானியலில் அது நிலாவின் தோற்றங்களைக் குறித்தது: பிறை, அரைநிலா, முழுநிலா. நிலா தன் சுற்றில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது? இதே கேள்வியை ஓர் அலையைப் பார்த்தும் கேட்கலாம் என்றானபோது சொல்லும் கூடவே வந்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைக் 'கட்டம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் 'அவத்தை'. மூன்று ஃபேஸ் மின்சாரத்தை மட்டும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் 'மும்முனை மின்சாரம்' என்று எழுதுகின்றன. பழகிப்போன சொல்தான், ஆனால் அங்கே முனை எதுவும் இல்லை. ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி ஓடும் மூன்று அலைகள்தான் இருக்கின்றன. என் வாக்கு 'கட்டத்துக்கே'. ராசிக் கட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: 360 பாகை வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, கோள் எதில் நிற்கிறது என்று குறிப்பதுதானே அது.

அடுத்த சொல் 'குவாட்ரேச்சர்'. இலத்தீனில் சதுரமாக்குதல். வானியலில், சூரியனும் நிலாவும் 90 பாகை விலகி நிற்கும் நிலை, அதாவது அரைநிலா. நம் பஞ்சாங்கத்தில் இதற்குத் துல்லியமான இடம் உண்டு. நிலா சூரியனைவிட்டு 12 பாகை விலகுவதற்கு ஆகும் நேரம் ஒரு திதி. அமாவாசை முடியும் கணத்திலிருந்து எண்ணினால் எட்டாம் திதியான அஷ்டமி 84 பாகையில் தொடங்கி 96-இல் முடிகிறது. 90 பாகை அதன் நட்டநடு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் அஷ்டமியைத் தள்ளிவைக்கிறோம். வானொலிப் பொறியாளருக்கோ அது இல்லாமல் காரியமே ஆகாது.

எப்படி என்றால், வைஃபை, கைபேசி போன்றவற்றின் ஏற்பிகள் பலவற்றில் வந்த அலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதியைக் கருவிக்குள்ளேயே உண்டாக்கிய அலையோடு பெருக்குகிறார்கள். மறுபாதியை, அதே அலையை 90 பாகை தள்ளிவைத்த நகலோடு. முதலாவது விடை 'ஐ', இரண்டாவது 'க்யூ'. தமிழில் ஒத்தகட்டக் கூறு, கால்சுற்றுக் கூறு எனலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், நடு அலைவெண்ணுக்கு (ஃப்ரீக்வென்சி) மேலே இருக்கும் குறிகையும் (சிக்னல்) கீழே இருக்கும் குறிகையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். இரண்டும் இருந்தால் பிரித்தெடுக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் உறவுக்காரர் ஒருவர் நம் தீவிலேயே உண்டு. வடகிழக்கே பிரா தோவில், மொரீஷியஸ் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இரண்டு ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து அமைத்த வானொலித் தொலைநோக்கி, 151.5 மெகாஹெர்ட்சில் தென்வானைப் பார்த்தது. கிழக்கு மேற்காக 2,048 மீட்டர் நீளத்துக்கு 1,024 சுருள் அலைவாங்கிகள், 32 தொகுதிகளாக. தெற்கே தண்டவாளத்தில் நகரும் 16 வண்டிகள். தொகுதிக்கும் வண்டிக்கும் இடையே 512 இணைகள். ஒவ்வோர் இணைக்கும் கொசைன், சைன் என இரண்டு பெருக்கல்கள் வேண்டும். அங்கேயும் அதே 90 பாகைதான்.

சரி, அந்த 90 சரியாக 90 ஆக அமையாவிட்டால்? ஏற்பியின் சில்லில் (சிப்) உள்ள ஐ, க்யூ பாதைகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல வருவதில்லை. ஒன்றின் பெருக்கம், அதாவது அலையைப் பெரிதாக்கும் அளவு, கொஞ்சம் கூடும். கோணம் 91 ஆகும், 93 ஆகும். அப்போது ஒரு பக்கக் குறிகையின் நிழல் மறுபக்கத்தில் விழுகிறது. பெருக்கம் சமமாகவே இருந்து கோணம் மட்டும் 1 பாகை பிசகினால் நிழல் அசலைவிட 41 டெசிபெல் தாழ்ந்திருக்கும். டெசிபெல் வலிமையை ஒப்பிடும் அலகு; இந்த எண் குறையக் குறைய நிழல் வலுக்கிறது. 3 பாகை என்றால் சுமார் 32. 6 பாகை, அதாவது அஷ்டமியின் விளிம்பு, ஏறக்குறைய 26. ஐ-யைக் கிடையாகவும் க்யூ-வை நெடுக்காகவும் வைத்து வரைந்தால், அனுப்பும் ஒவ்வொரு குறியும் ஒரு புள்ளி. வைஃபை 6 பயன்படுத்தும் 1,024 புள்ளி முறையில் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்பதால் இவ்வளவு நிழல் தாங்காது.

இதை ஆங்கிலத்தில் பொதுவாக 'இம்பேலன்ஸ்' என்கிறார்கள். அதன் வேர் இலத்தீனில் 'இரு தட்டு', அதாவது தராசு. பெருக்க வேறுபாட்டுக்கு அது பொருந்தும்; 'வீச்சு ஏற்றத்தாழ்வு' என்று தமிழிலும் சொல்லிவிடலாம். கோணப் பிசகுக்குத் தராசு ஒத்துவரவில்லை. இங்கே நடப்பது சாய்வு: வரைபடத்தில் சதுரமாக நிற்க வேண்டிய புள்ளிகள் சாய்சதுரமாகச் சரிகின்றன. இதற்குக் 'கோட்டம்' என்பேன். வளைவு, கோணல் என்பது அதன் பொருள். குறள் 119 'சொற்கோட்டம்' என்று சொல்லி, அது இல்லாத நிலையைச் 'செப்பம்' என்கிறது. ஆக, பிசகு கட்டக் கோட்டம். அதைத் திருத்துவது செப்பனிடல். கோட்டத்துக்குக் கோயில் என்ற பொருளும் உண்டே என்பீர்கள். நாம் இங்கே கோவில் என்றுதான் சொல்கிறோம், குழப்பம் வராது.

மொத்தப் படமும் உருக்கெடாமல் சுழன்றிருந்தால் அது கோட்டம் அல்ல. அனுப்பியின் அலைக்கும் ஏற்பியின் அலைக்கும் உள்ள கட்ட வேறுபாடு அது. அதற்கு மருந்து வேறு.

செப்பனிடுவது பெரும்பாலும் கணக்கில்தான் நடக்கிறது. முதலில் இரண்டு கூறுகளிலும் உள்ள நேர்மின் எச்சத்தை, அதாவது அலையோடு சேர்ந்து நிற்கும் மாறாத மின்னழுத்தத்தை, கழித்து, சராசரி வலிமையைச் சமமாக்க வேண்டும். அப்புறம் ஐ-யையும் க்யூ-வையும் பெருக்கி நெடுநேரம் சராசரி எடுக்க வேண்டும். கோணம் 90 ஆக இருந்தால் சராசரி பூச்சியம். இல்லையென்றால், அதைச் சராசரி வலிமையால் வகுத்து வருவது கோட்டத்தின் சைன். 3 பாகைக்கு அது 0.0523. க்யூ-விலிருந்து ஐ-யின் 0.0523 மடங்கைக் கழித்து, மிச்சத்தைக் கோட்டத்தின் கொசைனான 0.9986-ஆல் வகுத்தால் சாய்சதுரம் சதுரமாகிவிடும்.

ஒரே எண் எல்லா அலைவெண்ணுக்கும் போதாது. இரண்டு பாதைகளின் வடிகட்டிகளும் வேறுபட்டால் கோட்டம் அலைவெண்ணுக்கு அலைவெண் மாறும். அகலமான அலைவரிசையில் எண்ணுக்குப் பதில் சிறு எண்முறை வடிகட்டி ஒன்றையே வைக்க வேண்டியிருக்கும். சில்லு சூடேறினாலும் எண் நகரும், அதனால் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி மறுபடி அளக்கிறார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் அலையை முதலிலேயே எண்களாக மாற்றிவிட்டு, பிறகு கொசைனாலும் சைனாலும் பெருக்குகிறார்கள்; அந்த 90 பாகை வெறும் எண்கணக்கு என்பதால் அது கோணுவதில்லை.