அந்த நீல நத்தையைக் கையில் எடுக்க விடாதீர்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, மூன்றாம் வகுப்புப் பையனைக் கூட்டி வந்தார். உள்ளங்கையில், விளாறால் அடித்ததுபோலச் சிவந்த கோடுகள். "சென்னை பீச்சுல என்னமோ கடிச்சிட்டுதுங்க சார்." போனில் போட்டோ இருந்தது. டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் கடல்நீர், அதில் கைகால் விரித்த பல்லிபோல ஒரு நீலப் பிராணி.

அது கடிக்கவில்லை, கொட்டியிருக்கிறது. பெயர் நீல டிராகன். ஓடில்லாத கடல் நத்தை. கடல் அட்டை என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு இனம். இது 3 சென்டிமீட்டர்தான் வளரும். வயிற்றில் காற்றை விழுங்கிக்கொண்டு மல்லாந்து மிதக்கும். நாம் பார்க்கும் நீலம் அதன் அடிவயிறு. வெள்ளி நிற முதுகு கீழே இருக்கும். மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கடல்போலவும், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானம்போலவும் தெரியும். பக்கவாட்டில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருப்பவற்றின் நுனியில்தான் விஷம். அதுவும் சொந்த விஷம் இல்லை. போர்ச்சுகீஸ் மேன் ஆஃப் வார் என்ற, ஜெல்லி மீனுக்கு உறவான கொட்டும் பிராணியைத் தின்று, அதன் கொட்டும் செல்களைக் கெடாமல் அங்கே சேர்த்து வைக்கிறது. கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

"ஒகேனக்கல்ல இருக்குமா?" என்று பையன் கேட்டான். இருக்காது. அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பமான, மிதவெப்பமான நீரில் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். காற்று பலமானால் கரைக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கியது.

நம் ஊர்ப் பிள்ளைகள் வயலில் நத்தையைப் பார்த்தால் எடுத்து விளையாடுவார்கள். நாமும் தடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் வேளாங்கண்ணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேனில் போகிறோம். என் கவலை அதுதான்.

இந்தப் பையனுக்கு வீட்டார் பாட்டில் தண்ணீரை ஊற்றி, மணலால் தேய்த்திருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. தோலில் ஒட்டியிருக்கும் மிச்சச் செல்களும் வெடித்து விஷத்தை இறக்கிவிடும். கடல்நீரையே ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுங்கள். அப்புறம், பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் 20 நிமிடம் கையை வைத்தால் வலி இறங்கும். சூட்டை முதலில் பெரியவர் தொட்டுப் பார்க்க வேண்டும். வாந்தி, மூச்சுத்திணறல், முகவீக்கம் என்று எது வந்தாலும் ஊர் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள். அங்கேயே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.