கல்லீரலுக்குள் பெய்யும் பனி

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கல்லீரலில் நீர்க்கட்டி' என்று இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர்ப் பை. ஆயுசு முழுக்க அப்படியே கிடக்கும். ஆனால் அதே மாதிரி கறுப்பு வட்டமாகத் தெரியும் இன்னொன்று உண்டு. அதுதான் ஹைடாடிட் கட்டி. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, எப்படியோ நம் வாய்க்குள் போனால், பொரிந்து வரும் இளம்புழு குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறிவிடும். பெரும்பாலும் கல்லீரலில், அடுத்தபடியாக நுரையீரலில் தங்கிக் கட்டியாக வளரும். பல வருஷம் வலியே தெரியாது.

இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? ரத்தப் பரிசோதனை உதவும், ஆனால் கட்டி இருந்தும் 'இல்லை' என்று காட்டிவிடுவதுண்டு. அல்ட்ராசவுண்ட்தான் இங்கே முதல் சாட்சி. ஒலி அலை நீருக்குள் தடையில்லாமல் போய்விடும். எதிரொலி இல்லாததால் அந்த இடம் கறுப்பு. சவ்வில் பட்டால் திரும்பி வரும். அது வெள்ளைக் கோடு. சாதாரண நீர்க்கட்டிக்குச் சுவர் இருப்பதே தெரியாது. ஹைடாடிட் கட்டியிலோ புழுவின் சவ்வு உள்ளே, அதைச் சுற்றி நம் உடல் கட்டிய நார்ச்சுவர் வெளியே என்று இரட்டைக் கோடு விழும்.

படுத்திருப்பவரைப் புரண்டு படுக்கச் சொன்னால் இன்னொன்றும் தெரியலாம். அடியில் படிந்திருந்த துகள்கள் கிளம்பி, திரையில் பனி பெய்வதுபோல மெல்ல இறங்கும். ஹைடாடிட் மணல் என்பார்கள். புழுவாக வளரக்கூடிய நுண்தலைகளும் உதிர்ந்த கொக்கிகளும்தான் அந்த மணல்.

படத்தின் உண்மையான மதிப்பு இதற்கப்புறம்தான் என்பது என் எண்ணம். கட்டி இருக்கிறது என்பதோடு, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் படம் சொல்கிறது. 1981-ல் துனீசிய மருத்துவர் கார்பியும் உடன் பணியாற்றியவர்களும் அல்ட்ராசவுண்ட் தோற்றத்தை வைத்து இதை வகைப்படுத்தினார்கள். பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைச் செப்பனிட்டது. உள்ளே குட்டிக் கட்டிகள் தேன்கூடுபோல நெருங்கியிருந்தால் புழு உயிர்ப்போடு இருக்கிறது. உள்சவ்வு கழன்று நீரில் அல்லி இலைபோல மிதந்தால் அது மாறுகிற கட்டம். நீர் வற்றிக் கெட்டியாகி, சுவரில் சுண்ணாம்பு படிந்துவிட்டால் பெரும்பாலும் புழு செத்திருக்கும்.

சிகிச்சையும் இதைப் பொறுத்ததுதான். குட்டிக் கட்டிகள் இல்லாத சிறிய கட்டிக்கு அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையே போதுமாகலாம். கொஞ்சம் பெரிதென்றால், மாத்திரைப் பாதுகாப்போடு ஊசி வழியாக நீரை உறிஞ்சி, புழுக்கொல்லி மருந்தைச் செலுத்தி, மறுபடி உறிஞ்சி எடுப்பார்கள். தேன்கூடு வகைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். என்ன கட்டி என்று தெரியாமல் ஊசி குத்துவது ஆபத்து: நீர் கசிந்தால் உயிரையே பறிக்கும் ஒவ்வாமை வரலாம், சிந்திய தலைகள் புதுக் கட்டிகளாக முளைக்கலாம்.

சி.டி., எம்.ஆர்.ஐ. எதற்கு? நுரையீரலில் காற்று இருப்பதால் ஒலி உள்ளே போகாது. அங்கே எக்ஸ்ரேயும் சி.டி.யும்தான். சுண்ணாம்புப் படிவும் சி.டி.யில்தான் நன்றாகத் தெரியும். கட்டி பித்தநாளத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. நல்லது. சேர்ந்திருந்தால் அந்த ஊசி மருந்தைச் செலுத்தக் கூடாது, பித்தநாளம் வெந்துவிடும்.

சுண்ணாம்பாகிப் போன கட்டி தொந்தரவு தராவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். அவ்வப்போது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும், சில வருஷங்களுக்கு.