கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதாதீர்கள்

சப்பாத்தைக் கழற்றித் தலைகீழாகத் தட்டியதும் மேசைமீது ஒரு சல்லிக்கல் விழுந்தது. கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். அந்த ஐயா அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்போது உள்ளே போனது?" என்று என்னிடமே கேட்டார். காலுறையின் குதிகால் பக்கம் சாயத்தேநீர் நிறத்தில் நனைந்திருந்தது. அது தேநீர் அல்ல.

வங்கியில் வேலை செய்பவர், வயது 50ஐத் தாண்டியவர், நீரிழிவு வந்து 12 வருடம். லிப்டன் சீட் மலையுச்சியிலிருந்து அப்புத்தளை டவுன் வரை நடக்கும் நடைபவனி ஒன்றில் 11 கிலோமீற்றர் வந்திருந்தார். எங்கள் முதலுதவி மேசைக்கு வந்தது காலைக் காட்ட அல்ல, தண்ணீர் குடிக்க. நடையில் ஒரு பக்கச் சாய்வு தெரிந்ததால் நான்தான் உட்காரச் சொன்னேன். நீரிழிவில் நரம்பு மரத்துப்போன பாதத்துக்குக் கல் குத்துவதும் தெரியாது, தோல் கிழிவதும் தெரியாது. அந்தக் கல்லோடு எத்தனை வளைவு திரும்பினாரோ!

"போதும் ஐயா, இனி வேனில் போங்கள்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். நடக்கும் கிலோமீற்றருக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர்களின் அனுசரணைப் படிவம். 14 பெயர்கள், 14 கையெழுத்துகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கிலோமீற்றருக்கு 50 ரூபாய், 100 ரூபாய், ஒரு மகராசன் மட்டும் 200 ரூபாய்.

"மிஸ், இன்னும் 6 கிலோமீற்றர்தானே? பாதியில் நின்றால் திங்கட்கிழமை இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

நான் இயன்மருத்துவர். வருடத்தில் மூன்று நான்கு நடைபவனிகளுக்காவது முதலுதவி மேசையில் உட்கார அழைப்பார்கள். கணுக்கால் சுளுக்கு, முழங்கால் வலி, கொப்புளம் என்று எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், நிற்கச் சொன்னவுடன் வரும் பதில் இந்த ஒன்றுதான். காசு தருகிறேன் என்றவர்களுக்கு என்ன சொல்வது? வலியைவிட வெட்கம் பெரிதாக இருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், அன்றைய நடைபவனி கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வாங்குவதற்காக நடந்தது. செயற்கைக் காலோடு நடக்க நான் பயிற்சி கொடுக்கும் பலருடைய கதை, இப்படி உணரப்படாத ஒரு புண்ணில்தான் தொடங்கியது.

நடைபவனிகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்குத் திரட்டினார்கள். நமக்கோ நடை என்பது வெறும் உடற்பயிற்சியும் அல்ல. 2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், முன்னோர் காட்டு வழியே நடந்து வந்த பாதையைத்தான் கால்களால் நினைத்துப் பார்த்தார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில் என்ற நடைப்பாதை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகத் திறந்த பிறகு, தேயிலைத் தோட்டங்களின் நடுவே நடப்பதில் வெளியூர்க்காரர்களுக்கும் ஆசை கூடியிருக்கிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் அந்தப் படிவத்தை மாற்றுங்கள்.

கிலோமீற்றர் கணக்கில் காசு பேசுவது வெள்ளைக்காரன் ஊர்ப் பழக்கம். அங்கே சமதரையில் நடந்தால் ஒருவேளை பொருந்தும். நம் மலையில் அது காயம்பட்டவரையும் உந்தித் தள்ளும் சாட்டை. மொத்தத் தொகையாக வாங்குங்கள். "இவர் கலந்துகொள்வதற்காக 1,000 ரூபாய்" என்று எழுதினால் முடிந்தது. அவர் 3 கிலோமீற்றரில் நின்றாலும் 17 கிலோமீற்றரில் நின்றாலும் தொகை மாறாது. அதன் கீழே, "முதலுதவியாளர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்" என்று ஒரு வரி சேர்த்து, நடப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்தைக் காட்டினால் பிடிவாதக்காரர்கள்கூடக் கொஞ்சம் இறங்கி வருவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இறங்கி வருவது என்றதும் இன்னொன்று. அன்றைய ஏற்பாட்டாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் எல்லோரையும் வேனிலும் ஆட்டோவிலும் மேலே ஏற்றிவிட்டு, அங்கிருந்து கீழே நடக்கவைத்தார்கள். "ஏற்றமே இல்லை, வயதானவர்களும் வரலாம்" என்று துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. லிப்டன் சீட் சுமார் 1,970 மீற்றர் உயரம், அப்புத்தளை சுமார் 1,430 மீற்றர். 500 மீற்றருக்கு மேல் இறக்கம். ஏற்றம் மூச்சைப் பிடிக்கும். மூச்சு வாங்கினால் மனிதன் தானாகவே நின்றுவிடுவான். இறக்கம் அப்படி அல்ல. மூச்சு சுகமாக இருக்கும், பேச்சு நடக்கும், படம் பிடிப்பது நடக்கும். அதற்கிடையே தொடையின் முன்தசை ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்தால் அவ்வளவு பாதிப்பில்லை. நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் அதன் நார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. அந்த வலி அன்றைக்கு வராது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை அலுவலக மாடிப்படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறவர்களைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

களைத்த தொடை முழங்காலைத் தாங்காது. விழுகிறவர்களில் அதிகம் பேர் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றரில்தான் விழுகிறார்கள் என்பது என் மேசை அனுபவம்.

இதற்கு மருந்து ஒன்று உண்டு, காசில்லாத மருந்து. நடைபவனிக்கு இரண்டு வாரம் முன்பு ஒருநாள், அரை மணி நேரமாவது நல்ல இறக்கத்தில் நடந்து பாருங்கள். கால் கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும். அந்த ஒருமுறைப் பழக்கத்தைத் தசை சில வாரங்களுக்கு மறக்காது. அடுத்த இறக்கத்தில் பாதிப்பு வெகுவாகக் குறையும். மைதானத்தைத் தினமும் பத்துச் சுற்று சுற்றுவதைவிட இந்த அரை மணி நேரம் மேல்.

எப்படி இறங்குவது என்பதை அன்று என்னைவிட அழகாகச் சொன்னவர் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா. எங்கள் மேசைக்கு நாற்காலி தந்தது அவருடைய லயன் வீடுதான். வாசலில் நின்று ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், துள்ளிக்கொண்டு இறங்கிய ஒரு பையனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீட்டி வைக்காதே. குட்டி அடியாக வை. முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள். செங்குத்தாக இருந்தால் பாதத்தைச் சாய்த்து வை." நான் வகுப்பெடுக்கும்போது சொல்வதும் இதேதான், கூட நான்கு இலத்தீன் பெயர்களோடு. ஆனால் இதைக் கேட்டு யாரும் புல்லரித்துவிட வேண்டாம். 18 கிலோ, 20 கிலோ கொழுந்தைச் சுமந்து இந்தச் சரிவில் 30 வருடம் இறங்கியவர்கள், முறை தெரிந்திருந்தும் தேய்ந்த முழங்காலோடுதான் என் கிளினிக் வாங்கில் வந்து உட்கார்கிறார்கள். ஒரு நாள் நடப்பவர்கள் அவர்களைப் பின்னணியில் நிறுத்திப் படம் பிடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடிக்கலாம்.

சப்பாத்து பற்றி. நடைபவனிக்கென்று புதுச்சப்பாத்து வாங்கி அன்றைக்கே போடுகிறவர்கள் தாங்களாகவே கொப்புளத்துக்கு அழைப்பிதழ் அனுப்புகிறார்கள். பழகிய சப்பாத்தே போதும், அடிப்பகுதி தேயாமல் இருந்தால் சரி. புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் நடக்கும்போதும் வரும். இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி விரல் நுனி மோதும், நகம் கறுக்கும். ஆகவே இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டுங்கள், இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். பருத்திக் காலுறை நனைந்தால் உலராது, மாற்றுச்சோடி ஒன்று பையில் இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் 3 கிலோமீற்றருக்கு ஒருமுறை சப்பாத்தைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். காலால் பார்த்தால் போதாது. இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், அன்றைய அளவை முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். வேனில் இருக்கும் பையில் அல்ல, சட்டைப் பையில்.

நான் உண்மையிலேயே பயப்படுவது ஒரு பழக்கத்துக்கு. "வலி வரும் முன்னே போட்டுக்கொண்டேன் மிஸ்" என்று டைக்ளோபெனக், இபுபுரூபன் வகை மாத்திரையை விழுங்கிவிட்டுப் புறப்படுகிறார்கள். வியர்த்து நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. தவிர, நிற்கச் சொல்லும் வலியின் வாயையும் அவை அடைத்துவிடுகின்றன. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். பயந்துபோய் போத்தல் போத்தலாக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் இரத்தத்தின் உப்பைக் குறைத்துவிடும். ஜீவனி உப்புக் கரைசலோ உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீரோ இடையிடையே இருந்தால் நல்லது. நடந்த பிறகு சிறுநீர் கடும் சாயத்தேநீர் நிறத்தில் போனால் வீட்டில் படுத்துக்கொள்ளாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அட்டை ஒன்றும் செய்யாது. சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொண்டு வாருங்கள். கடித்தால் நகத்தால் வழித்து எடுத்துவிட்டு அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விட்டுவிட்டுப் போவதால் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான்.

குளவி அப்படி அல்ல. தோட்டத்து மக்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொழுந்து மலையில் குளவி கொட்டி வைத்தியசாலைக்கு வருவது இங்கே அடிக்கடி கேட்கும் செய்தி. டவுனிலிருந்து பேண்ட் வாத்தியமும் ஒலிபெருக்கியுமாக வருபவர்களுக்குத்தான் சொல்கிறேன். முந்தின நாளே கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ எந்த மரத்தில், எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்று கேட்டுப் பாதையை முடிவு செய்யுங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம், நாக்கு வீங்கினாலோ உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் அந்தத் தோட்டப் பாதையில் வந்து சேர நேரமாகும் என்பதால், கீழே போக ஒரு வாகனமும் தயாராக நிற்க வேண்டும்.

நாள் குறிப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை. அதே மாதங்களில் அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். ஒக்டோபருக்குப் பிறகு ஊவாவில் மழை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு சரிந்த மண்ணைப் பார்த்த பிறகு, பழைய வரைபடத்தை நம்பி யாரும் குறுக்குப் பாதையில் ஆளை இறக்கக் கூடாது. ரயில் பாதை வழியே நடப்பது ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படியும் தவறு. அதைக் குறுக்குவழி என்று சொல்லும் ஏற்பாட்டாளரிடம் பெயரே கொடுக்காதீர்கள்.

வங்கி ஐயாவை அன்று வேனில் ஏற்றிவிட்டோம். படிவத்தின் கீழே, "முதலுதவியாளரின் சொற்படி 11இல் நிறுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். புண் ஆற ஏழு வாரமானது. 14 பேரும் 17 கிலோமீற்றருக்கான காசையே கொடுத்தார்களாம், அந்த 200 ரூபாய்க்காரர் உட்பட.

இந்த வருடமும் வந்தார். படிவம் மாறியிருந்தது, மொத்தத் தொகை, 19 பெயர்கள். 4 கிலோமீற்றர் நடந்துவிட்டு வேனில் ஏறி, எங்களுக்கு முன்னாலேயே மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கேட்டு வருகிற ஒருவரையும் விடவில்லை. முதலில் சப்பாத்து, பிறகுதான் தண்ணீர். ஒரு பாடசாலைப் பிள்ளை கழற்றித் தட்டிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"மற்றதையும் மகள்" என்றார்.