ஓடாத காருக்கும் வயதாகிறது: கூட்டுப் பயணம் புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கார்களை ஆசையோடு பேணுபவர்கள் சேர்ந்து நெடும்பயணம் போகத் திட்டமிட்டால், பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய நாள்களில்தான் வண்டிகள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்கின்றன. பெயின்ட் பளபளக்கும், எஞ்சின் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பும். கடைசி சர்வீசுக்குப் பிறகு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்று உரிமையாளர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான் என்றாலும், ரப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஓடிய தூரத்தைவிடக் கழிந்த ஆண்டுகளே கணக்கு என்பதால், எப்போதாவது மட்டும் வெளியே எடுக்கப்படும் காரைத்தான் நான் கூடுதல் கவனத்துடன் பார்க்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தையது. முழுக் குறியீடு பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால், வெளிப்பக்கம் தென்படாவிட்டால் காருக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை, பட்டன் (தரையில் படும் மேல்வரி) எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறேன். ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

பிரேக் ஆயிலின் கதை இன்னும் தீவிரமானது. வழக்கமாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்ட நிலையில் அதே விதி 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சாதாரணச் சாலையில் இந்த வேறுபாடு தெரியாது. மலையிறக்கத்தில் பத்துக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்போது, முன்னால் போகிறவர் லேசாக பிரேக் தொட்டாலே அது பின்னோக்கிப் பெருகி, கடைசிக் காரை ஓட்டுபவர் ஓயாமல் மிதித்துக்கொண்டே வருவார். ஆயில் கொதித்துக் குமிழிகள் உண்டானதும், குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது என்பதால், பெடல் பிடிமானமின்றித் தரைவரை போய்விடும். அரை மணி நேரம் ஓரங்கட்டி நிறுத்தினால் சூடு தணிந்து பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். ஒன்றுமில்லை என்று மீண்டும் கிளம்புகிறார்கள், அங்கேதான் ஆபத்து. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றுவதும், மலையேறும்போது போடும் அதே கியரிலேயே இறங்குவதும், முன் காருக்கு நல்ல இடைவெளி விடுவதும் இதற்குப் போதுமான தடுப்பு. சிலிக்கோன் வகையான டாட் 5ஐ மட்டும் டாட் 3, டாட் 4 ஆயிலோடு கலந்துவிடக் கூடாது.

உதிரிபாகம் தேடுவதில் ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி பெரியது. கார் நிறுவனம் கைவிட்ட பாகம் என்று கலங்குபவர்களிடம், கழற்றிய பேரிங்கைத் துடைத்து அதன் விளிம்பைப் படிக்கச் சொல்வேன். 6203 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர் என்பது உலகெங்கும் ஒன்றே. பேரிங் கடையில் கிடைத்துவிடும். ஆயில் சீலிலும் பெரும்பாலும் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். மற்றவற்றுக்கு, காரின் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட சேஸிஸ் நம்பரையும் பழைய பாகத்தின் எண்ணையும் படமெடுத்து அனுப்புவது மேல், ஏனெனில் ஒரே மாடலுக்குள் தயாரிப்பாளர்கள் இடையிடையே பாகங்களை மாற்றியிருப்பார்கள். மொத்தமாக வாங்கும் குழுக்கள் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி ஒரு காரில் பொருத்திப் பார்ப்பது நல்லது.

கதவுக் கைப்பிடி, கண்ணாடி, மீட்டர் போன்றவற்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தாராளமாக எடுக்கலாம். பிரேக் ஹோஸ், முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் இணைப்புகளான பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், மேலும் சீட் பெல்ட் ஆகியவற்றைக் கழற்றிய வண்டியிலிருந்து வாங்கவே கூடாது. பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று பெருமையாகக் கொண்டுவரப்படும் மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் (பெடல் மிதிப்பை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் சிலிண்டருக்கான ரப்பர் வாஷர் தொகுப்பு) நான் இதே வரிசையில்தான் வைக்கிறேன்: பெட்டி புதிதாக இருக்கலாம், உள்ளே ரப்பர் வாஷர் இருபது ஆண்டுகளாக இறுகிக்கொண்டிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதிந்த தடம் உடனே மறைய வேண்டும். விளிம்பை வளைத்தால் மயிரிழை வெடிப்புகூடத் தெரியக் கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றுபவர்கள் அந்தக் காலத்து எரிபொருள் ஹோஸ்களையும் அதற்கு ஏற்றவையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

புதிய பாகங்களைப் புறப்படும் முந்தைய இரவில் பொருத்தாமல், ஒரு வாரம் முன்னதாகவே பொருத்தி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி, நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துக் குறிப்பிட்ட அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். கூட்டமாகப் போகும்போது முதல் தேநீர் நிறுத்தத்திலேயே எல்லோரும் இதைச் செய்துவிடலாம், ஒரே ரெஞ்ச் போதும்.