செத்த பாம்பு எங்களுக்கு வேண்டாம்

அறுவடைக் காலத்தில் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எவருக்கும் வாய் கட்டிய உரச்சாக்கு பழக்கமானதுதான். சென்ற தை மாதம், வரப்பில் கடிபட்ட ஒருவரைத் தூக்கிவந்த தம்பிகளின் கையிலும் அப்படியொரு சாக்கு இருந்தது. அதற்குள் தலை நசுங்கிய கண்ணாடி விரியன். "எந்தப் பாம்புன்னு தெரிஞ்சாத்தானே டாக்டர் ஊசி போடுவீங்க?" என்றார் இளையவர். வைக்கோல் போருக்குள் புகுந்த பாம்பைத் தேடி அடிக்க அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தேன். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீராக ஓடியது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் தேறும்வரை டயாலிசிஸில் கிடந்தார்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே முறிமருந்துதான். அதைத் தொடங்கலாமா என்பதை நோயாளியின் உடலே எங்களுக்குச் சொல்லிவிடும். தரையில் படுத்துறங்கிய சிறுமி ஒருத்தி விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழைத்துவரப்பட்டாள்; இமைகள் கனத்துச் சரிந்திருந்தன, கடித்த தடம்கூடத் தெரியவில்லை, பாம்பை எவரும் பார்க்கவும் இல்லை. கட்டுவிரியனாக இருக்கும் என்று கருதி முறிமருந்து ஏற்றி, செயற்கைச் சுவாசமும் கொடுத்தோம். நான்காம் நாள் கண் திறந்தாள்.

மக்களின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. ஆயினும் கம்போடு நெருங்குகிறவரே பாம்பின் எட்டும் தூரத்துக்குள் போகிறார். வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். நல்ல பாம்போடு இணைசேரும் என்ற தவறான நம்பிக்கையால் அடிபடும் சாரையோ, நஞ்சே இல்லாதது. எலிகளைத் தின்று நமக்கு உதவுவது. நான் ஏற்றும் முறிமருந்துக்கான நஞ்சும் உயிருள்ள பாம்புகளிடமிருந்தே வருகிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், வனத்துறை அனுமதியோடு பிடித்து, நஞ்சு எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே வீட்டுக்குள் பாம்பு வந்தால் குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றி, தொலைவிலிருந்து அது போகும் இடத்தைக் கவனித்தபடி, 101இல் தீயணைப்புத் துறையை அழையுங்கள். எவரையேனும் கடித்துவிட்டால் பாம்பை விட்டுவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே 108க்குச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். பாம்பு பிடிபட்ட பிறகு, அது எதற்காக வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் நெல் மூட்டைக்குப் பின்னாலோ விறகு அடுக்குக்கு அடியிலோ எலி வளை இருக்கும். அதை அன்றே அடைத்துவிடுங்கள்.