குசினிப் புகையும் லேசர் காட்டும் எண்ணும்

போன கிழமை உப்புவெளியில் ஒரு வீட்டுக் குசினிக்குள் துகள் அளக்கும் கைக்கருவியை வைத்தேன். அக்கா விறகடுப்பில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். ஈரவிறகு புகைந்தபோது எண் மூன்று இலக்கத்துக்கு ஏறியது. சுவாலை பிடித்ததும் மளமளவென்று இறங்கியது. "இப்ப பாருங்கோ தம்பி, புகையே இல்லை" என்றார். அண்ணாந்து பார்த்தேன். கூரைத் தகரம் மைபூசியதுபோல் கிடந்தது.

கண்ணைக் கரிக்கும் வெளிறிய புகை விறகு புகையும்போது வருவது. கரிய துகள் அதிகம் பிறப்பதோ சுவாலைக்குள். அதைத்தான் என் கருவி சரியாகப் பிடிப்பதில்லை.

கதவிடுக்கு வெயிலில் தூசி மினுங்குமே, கருவிக்குள்ளும் அதுதான் நடக்கிறது. சிறு விசிறி காற்றை இழுக்க, லேசர் கற்றையைக் கடக்கும் துகள் ஒளியைச் சிதறடிக்கும். அதை உணரி எண்ணும். ஆனால் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளில், விட்டம் பாதியானால் சிதறல் 64 மடங்கு குறைந்துவிடும். 0.3 மைக்ரோனுக்குக் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே மலிவான கருவிகளுக்குப் பார்வை மங்கல். புகைக்கரியின் தனி மணி பெரும்பாலும் 0.05 மைக்ரோனைத் தாண்டாது. மணிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டாலும் பல கொத்துகள் தப்பிவிடும். இவ்வளவு நுண்ணிய துகள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகும்.

கடற்கரையிலோ நேர்மாறு. வாடைக்காற்றுக் காலத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து கருவி காட்டும் எண்ணை வீணாக ஏற்றிவிடும். கடலோரத்தில் கருவி வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துப் பதறவேண்டாம்.

ஆய்வுகூடங்களில் இதற்கு வேறு வழி உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது. கரி ஒளியை விழுங்கும். வலுவான அகச்சிவப்பு லேசரைச் சில நானோ நொடிகள் அடித்தால், துகள் ஏறக்குறைய 4000 கெல்வினுக்குச் சூடேறித் தணல்போல ஒளிரும். வெளிச்சத்திலிருந்து கரியின் அளவு தெரியும். சின்ன மணி சீக்கிரம் ஆறும் என்பதால், ஆறும் வேகத்திலிருந்து பருமனும் தெரியும். உப்பும் நீர்த்துளியும் அந்த ஒளியை அவ்வளவாக விழுங்காததால் ஒளிர்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் 2.5 மைக்ரோனுக்கு உட்பட்ட துகள்களின் ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவைக் கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. மூடிய குசினியில் விறகெரித்தால் அந்த அளவுக்குக் கிட்டவும் நிற்கமுடியாது.

அக்கா வீட்டில் அடுப்பை யன்னலடிக்கு நகர்த்தினோம். விறகைக் காயவைத்து எரிக்கச் சொன்னேன். பேரப்பிள்ளை அடுப்படியில் இருந்துதான் படிப்பாளாம். அவளுடைய பாயை அக்கா அன்றே விறாந்தையில் விரித்துவிட்டார்.